நாலாவது, ஐந்தாவது படிக்கும் பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை: பிரதம் முறையில் சொல்லிக்கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

திண்ணை வகுப்பு

எல்லோருக்கும் வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமத்திலிருந்து எழுதுகிறேன். 2021 கடைசியில் தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம், மாதம் ஆயிரம் ரூபாய். எங்கள் மையம் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளைகள் வருவது மட்டும் நிற்கவில்லை. ஐந்தானால் பையைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். திருப்பி அனுப்ப எனக்கும் மனசு வரவில்லை.

இப்போது பதினான்கு பேர். மூன்றாவது ஐந்து, நாலாவது ஆறு, ஐந்தாவது மூன்று. இதில் ஒன்பது பேருக்கு வாசிக்க வரவில்லை. போர்டில் எழுதிப்போட்டால் அப்படியே பார்த்து எழுதுவார்கள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். "எழுதினதைப் படி" என்றால் என் முகத்தைப் பார்க்கிறார்கள். பாடப்புத்தகத்தை எடுத்து நடத்தினால் அந்த ஒன்பது பேரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அ, ஆ என்று ஆரம்பித்தால் மற்ற ஐந்து பேரும் கொட்டாவி விடுகிறார்கள்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஒருவர், பிரதம் என்ற தொண்டு நிறுவனம் வகுப்பு பார்க்காமல் வாசிக்கும் நிலை பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறது என்று சொன்னார். அதை நம்பிப் போன வாரம் பிரித்தேன். ஐந்தாவது படிக்கும் ஒரு பையனை எழுத்துக் கூட்டத்தில் உட்காரவைத்தேன். மறுநாளே அவன் அம்மா வந்துவிட்டார். "அஞ்சாங்கிளாஸ் புள்ளைக்கு அனா ஆவன்னாவா? ஊர் சிரிக்காதா?" என்று வாசலில் நின்று கேட்டார். மூன்று நாளாக அவன் வரவில்லை. அவன் வீட்டைத் தாண்டித்தான் நான் தண்ணீர் பிடிக்கப் போகவேண்டும். என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறான்.

நான் செய்தது தப்பா, செய்த விதம் தப்பா? இந்த முறையில் நேரடியாக வேலை செய்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொன்று, நாலைந்து பிள்ளைகள் தம்பி தங்கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். மூன்று, நாலு வயசு. அவர்களை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

ஈராசிரியர்

சகோதரி, முதலில் உங்களுக்கு என் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், நாற்பத்தொரு பிள்ளைகள்.

நிலை பார்த்துப் பிரிப்பது இப்போது எங்கள் பள்ளிகளிலும் இருக்கிறது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்தபோது ஒன்று முதல் மூன்று வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தோம். அடுத்த ஆண்டு நாலும் ஐந்தும் சேர்ந்தன. திட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன், அதனால் வாசிக்க வந்த பிள்ளைகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரே அறையில் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றிலும் மூன்று நிலை என்றால் ஒன்பது கூட்டம். நடுவில் கைப்பேசியில் பதிவேற்றம், வருகை, மதிப்பீடு. அரும்புக்கு உட்கார்ந்தால் மலர் கூட்டம் ஜன்னலில் ஏறுகிறது.

ஆகையால் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றதும் "பள்ளிக்கூடத்தில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்களோ" என்று பெற்றோர் முன்னால் பேசிவிடாதீர்கள். தலைமையாசிரியரைப் பாருங்கள். எந்தப் பிள்ளை எந்த நிலை என்று அவரிடம் பதிவு இருக்கும், கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்.

உங்களைப் போன்றவர்கள் செய்தது சின்ன காரியம் இல்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்ததால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இழந்ததைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். அந்தக் கால்பங்கு உங்களைப் போன்றவர்களின் திண்ணையில் நடந்தது.

தாராவிப் பால்வாடி

தங்கச்சி, நீ செய்தது தப்பே இல்லை. செய்த விதத்தில் ஒன்றிரண்டு மாற்றவேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான் பிறந்து வளர்ந்தது மும்பை தாராவியில், 90 அடி ரோட்டுக்குப் பின்னால், ஓரறை வீடுகள் வரிசையாக இருக்கும் ஒரு சாலில். அப்பா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்குப் போனவர். அம்மா இட்லி வியாபாரம். 1998-இல், எனக்குப் பதினெட்டு வயசு நடக்கும்போது பிரதம் பால்வாடியில் டீச்சராகச் சேர்ந்தேன். மூன்று வருடம் பால்வாடி, பிறகு நாலு வருடம் மாநகராட்சிப் பள்ளியில் பாலசகி, அதாவது பின்தங்கின பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள். கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தபின் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தமிழில் இதையே செய்துவருகிறேன்.

பிரதம் 1995-இல் மும்பையில் தொடங்கியது. யுனிசெஃப் கை கொடுத்தது, மாநகராட்சியும் கூட நின்றது. வேதியியல் பேராசிரியராக இருந்த மாதவ் சவானும், சமூகப்பணிக் கல்லூரியில் இருந்த ஃபரீதா லாம்பேயும் முன்னால் நின்று நடத்தினார்கள். அவர்கள் கட்டடம் கட்டவில்லை. எந்தச் சந்தில் பிள்ளைகள் இருக்கிறார்களோ, அந்தச் சந்திலேயே கொஞ்சம் படித்த பெண்ணைத் தேடினார்கள். இடமும் அவள்தான் பார்க்கவேண்டும். கோயில் மண்டபம், கட்சி ஆபீஸ், வீடு, எதுவானாலும் சரி. எனக்குக் கிடைத்தது எங்கள் வீட்டு அறைதான். அம்மா விடியற்காலை இரண்டு மணிக்கு இட்லிச் சட்டி ஏற்றினால் ஏழு மணிக்குள் எல்லாம் தலைச்சுமையாக வெளியே போய்விடும். தரையைக் கழுவித் துடைத்து, பத்து மணிக்கு இருபது பிள்ளைகளை உட்காரவைப்பேன். சுவரில் ஆவி ஈரம் அப்படியே இருக்கும். ஒட்டின படம் மத்தியானத்துக்குள் உரிந்து விழுந்துவிடும். அதனால் படங்களைக் கொடிக் கயிற்றில் துணி காயப்போடுகிற மாதிரி கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். மழைக்காலத்தில் அந்தக் கயிறு ஒன்றுதான் நனையாமல் இருந்தது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

பாலசகி என்றால் பிள்ளையின் தோழி. மூன்றாவது, நாலாவதில் பின்தங்கின பதினைந்து இருபது பிள்ளைகளை வகுப்பிலிருந்து பிரித்துத் தருவார்கள். பள்ளி நேரத்திலேயே இரண்டு மணி நேரம் நாம் சொல்லிக்கொடுக்கவேண்டும். எனக்குக் கிடைத்த பள்ளியில் மாடிப்படிக்குக் கீழேதான் இடம் கொடுத்தார்கள். முதல் நாள் ஒரு பெண்ணைப் பார்த்து, இவளை ஏன் இங்கே அனுப்பினார்கள் என்று நினைத்தேன். இந்திப் பாடத்தைக் கையில் கொடுத்தால் தங்குதடையில்லாமல் வாசித்தாள். இரண்டு பக்கப் பாடம். முதல் பக்கம் முடிகிறது, அவள் கை ஓரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது, வாய் அதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டேன். பாடத்தை ஆரம்பத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்த இடத்தைப் பிடிக்கப் பார்த்தாள். பிடிக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றுவிட்டது. நாலு வருடமாக யாருக்கும் தெரியாமல் அவள் காப்பாற்றி வைத்திருந்ததை நான் எல்லார் முன்னாலும் உடைத்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது.

அதனால் முதல் விஷயம், பிள்ளையைத் தனியாகக் கேள். எதிரே உட்காராதே, பக்கத்தில் உட்கார். மற்ற பிள்ளைகள் காதில் விழாத தூரம் இருக்கட்டும். பிரதம் 2005 முதல் எடுக்கும் அசர் கணக்கெடுப்பில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அசர் என்றால் இந்தியில் தாக்கம், விளைவு என்று பொருள். பள்ளிக்கூடத்துக்குப் போய் எடுப்பதில்லை, கிராமத்துக்கு இருபது வீடு என்று வீடு வீடாகப் போய் எடுக்கிறார்கள். ஒரே தாளில் நாலு பகுதி. தனி எழுத்துகள், சின்னச் சொற்கள், ஒன்றாம் வகுப்பு அளவில் நாலு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக் கதை. அவ்வளவுதான் பரீட்சை.

எழுத்திலிருந்து ஆரம்பிக்காதே. பத்தியைக் கொடு. சரளமாக, மூன்று தப்புக்கு மேல் இல்லாமல் வாசித்தால் கதைக்குப் போ. திணறினால் சொல்லுக்கு இறங்கு. ஏதாவது ஐந்து சொல்லில் நாலு சரியாக வந்தால் அந்தப் பிள்ளை சொல் நிலை. வரவில்லையென்றால் எழுத்து, அதிலும் ஐந்துக்கு நாலு. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிஷம் போதும். பதினான்கு பேருக்கு ஒரு சாயங்காலம். நீ வகுப்பை வைத்தோ, சும்மா கவனித்தோ பிரித்திருந்தால் அதைக் கலைத்துவிட்டு இப்படி ஒருமுறை பார். உன் ஐந்தாம் வகுப்புப் பையன் எழுத்து நிலையே இல்லாமல் இருக்கலாம். தமிழ்ப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி பார்த்தது இது. க, ப, ம எல்லாம் தெரியும். கா, கி கூடத் தெரியும். கொம்பில்தான் மாட்டிக்கொள்வார்கள். 'கொக்கு' என்று எழுதியிருந்தால் 'கெ... கா... க்கு' என்று வாசிப்பார்கள். கண் இடமிருந்து வலமாகப் போகிறது, ஒலி அப்படிப் போகவில்லை. முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் எழுத்து. மூன்றும் சேர்ந்து ஒரே ஒலி என்று யாரும் அவனுக்கு உட்கார்ந்து காட்டியிருக்கமாட்டார்கள். அவனுக்கு அனா ஆவன்னா வேண்டாம். கெ, கே, கை, கொ, கோ, கௌ இந்த ஆறும்தான் வேண்டும். பத்து நாள் வேலை.

சொல்லிக்கொடுப்பது எப்படி? இந்தியில் எங்களுக்கு பாராகடி அட்டவணை கொடுத்தார்கள். க, கா, கி, கீ என்று ஒரு வரிசை, கீழே அடுத்த மெய். நான் தமிழில் நம் உயிர்மெய் அட்டவணையைச் சாக்பீஸால் தரையில் பெரிதாகப் போட்டேன். பிள்ளை கட்டத்தில் குதித்துக்கொண்டே வரிசையைச் சொல்லும். அதே தினம் ஒரு கதையும் உண்டு, விரல் வைத்து நான் வாசிப்பேன், பிறகு சேர்ந்து, பிறகு ஒவ்வொருவராக. எழுத்து முழுக்கத் தெரிந்தபிறகுதான் கதை என்று காத்திருக்கவே கூடாது. வாசித்ததைப் பற்றிப் பேச்சு, பிறகு ஒரு சொல் விளையாட்டு, கடைசியில் எழுத்து. எழுதச் சொல்வது மனசில் தோன்றியதை, போர்டைப் பார்த்து இல்லை. தப்புத் தப்பாக எழுதட்டும். முத்து முத்தான கையெழுத்தை ஒரு மாதம் மறந்துவிடு.

வாசிப்பு அட்டைக்கு அலையவேண்டாம். பிரதம் புக்ஸ் 2004-இல் குறைந்த விலைப் பிள்ளைப் புத்தகங்களுக்காகவே ஆரம்பித்தது. 2015 முதல் ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாக இலவசமாகவே இருக்கின்றன. இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம்.

அந்த அம்மா விஷயம். அவரிடம் கோபப்படாதே, அந்தக் கோபத்துக்குள் பயம் இருக்கிறது. தாராவியில் எனக்கும் இதேதான் நடந்தது, அதிலிருந்து சில பழக்கங்கள் வந்தன. கூட்டத்துக்கு எண்ணோ நிலையோ பெயராக வைக்கமாட்டேன். பெயரைப் பிள்ளைகளே வைப்பார்கள், வாரம் ஒருமுறை மாற்றுவார்கள். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பெரிய பிள்ளையின் கையில் ஒருநாளும் கொடுக்கமாட்டேன். அட்டையில் வகுப்பு எண்ணே இருக்காது. பெரிய பையனுக்கு ஒரு பொறுப்பு கொடுப்பேன், சாக்பீஸ் டப்பா, கட்டம் போடுவது, ஏதாவது ஒன்று. பிரிப்பது வாசிப்புக்கு மட்டும், ஒரு மணி நேரம். பாட்டு, கணக்கு விளையாட்டு, கதை கேட்பது எல்லாம் ஒன்றாக. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பேன், மேலே போன பிள்ளை அன்றைக்கே மேல் கூட்டத்தில் உட்காரும். இந்தக் கூட்டம் நிரந்தரம் இல்லை என்று தெரிந்துவிட்டால் பிள்ளைக்கு வெட்கம் போய்விடுகிறது.

அந்த அம்மாவிடம் ஒரு கணக்கையும் சொல். 2024 அசர் கணக்கெடுப்பில், நாடு முழுக்கக் கிராமத்து அரசுப் பள்ளிகளில் மூன்றாவது படிக்கும் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தவர்கள் 23.4 விழுக்காடு. 2022-இல் அது 16.3. அதாவது மூன்றாவதில் நூற்றுக்கு எழுபத்தைந்து பிள்ளைக்கு மேல் அந்தக் கதை வாசிக்க வரவில்லை, வராதவன் இவன் ஒருவன் இல்லை. இவனிடம் குறை இல்லை என்று அவர் காதில் ஒருமுறை விழவேண்டும்.

ஈராசிரியர் சார் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பிரதம் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. பாலசகி வேலையைப் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் அளந்து பார்த்தது. பலன் உண்டு, அதுவும் அடிநிலைப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் என்று வந்தது. ஆனால் பீகாரில் என்ன நடந்தது தெரியுமா? 2008 கோடை விடுமுறையில் அரசு ஆசிரியர்களே ஒரு மாதம் இப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள், பிள்ளைகளுக்கு வாசிப்பு வந்தது. அதே மாநிலத்தில் பள்ளி நாட்களில் பயிற்சியும் அட்டையும் மட்டும் கொடுத்துவிட்டு வந்தபோது ஒன்றும் மாறவில்லை. ஆசிரியர் அதேதான், அட்டை அதேதான். பள்ளி நாட்களில் பாடத்தை முடிக்கவேண்டும், அந்த வேலைக்கென்று நேரம் இல்லை. பிறகு ஹரியானாவில் தினம் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கி, நிலை பார்த்து உட்காரவைத்தபோது பலன் கிடைத்தது. ஆகவே குற்றம் ஆசிரியரிடம் இல்லை சார். நேரத்தை ஒதுக்கிக் கொடுக்காதவர்களிடம்தான் இருக்கிறது.

தங்கச்சி, உன்னிடம் அந்த ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அதைப் பாடப்புத்தகத்துக்குக் கொடுத்துவிடாதே. உத்தரப் பிரதேசத்தில் ஜவுன்பூரில் தன்னார்வலர்கள் மாலை வகுப்பு நடத்தியபோது, வந்த பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். ஆனால் பத்துப் பேரில் ஒருவர்கூட வரவில்லை. உனக்குப் பதினான்கு பேர் தானாக வருகிறார்கள். அது பெரிய வரம்.

2019-இல் அந்த பானர்ஜிக்கும் டுஃப்லோவுக்கும் நோபல் பரிசு அறிவித்தபோது நான் பாளையங்கோட்டையில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். டிவியில் பாலசகி என்ற சொல் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அம்மாவுக்குத்தான் முதலில் போன் போட்டேன்.

மையம் 3

சின்னப் பிள்ளைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். பதினேழு வருடமாக அங்கன்வாடிப் பணியாளர்.

அம்மா, அந்த மூணு நாலு வயசுப் பிள்ளைகளிடம் நோட்டும் பென்சிலும் கொடுத்து அ எழுத வைக்காதீங்க. விரலுக்கு இன்னும் பலம் வரவில்லை. புளியங்கொட்டை, சோழி, மூடி, மணல் இது போதும். கொட்டையைப் பெரிசு சிறுசு பிரிக்கட்டும், மணலில் கோடு இழுக்கட்டும். கதை சொல்லுங்க, அதே கதையை நாளைக்கும் சொல்லுங்க. ஒரே கதையை இருபது தடவை கேட்டாலும் அதுகளுக்குச் சலிக்காது. நீங்க ஒரு வரியை மாத்திச் சொன்னா, "அப்படி இல்ல"ன்னு திருத்தும். அந்தத் திருத்துகிற பிள்ளை படிக்கத் தயாராகுது என்று அர்த்தம்.

எங்கள் கஷ்டமும் தெரியணும். காலையில் வந்தால் சத்துமாவு, முட்டை, எடை, உயரம், கர்ப்பிணிகள் பதிவு, போனில் ஏற்றுவது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடம் சொல்ல ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிசயம். தமிழ்நாட்டிலேயே நாலு மாவட்டத்தில் 320 மையங்களில் ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க. பாதி மையங்களுக்குப் பாடம் சொல்வதற்கென்றே அரைநாள் வேலைக்கு இன்னொரு ஆள் கொடுத்தாங்க. ஒன்றரை வருடத்தில் அந்த மையத்துப் பிள்ளைகள் மொழியிலும் கணக்கிலும் முன்னால் போய்விட்டன. பாடம் சொல்லும் நேரம் இரண்டு மடங்காச்சு. என் மனசுக்குப் பட்டது அடுத்த விஷயம்தான். ஆள் கூடினதும் ஏற்கனவே இருந்த பணியாளருக்குச் சத்துணவு, உடல்நலம் பார்க்க நேரம் கிடைத்தது, கடுமையான சத்துக்குறைவும் குறைந்தது. ஒரு ஆள் வந்ததும் இரண்டு வேலையும் ஒழுங்காச்சு.

உங்கள் ஊர் அங்கன்வாடி அம்மாவை ஒருநாள் திண்ணைக்குக் கூப்பிடுங்க. தாராவி அக்கா கயிற்றில் படம் தொங்கவிட்டேன்னு சொன்னதை நாளைக்கே என் மையத்தில் செய்யப்போகிறேன், எங்கள் சுவரும் ஓதம்.

திண்ணை வகுப்பு

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கணும். அக்கா சொன்னபடி எல்லாரையும் தனித்தனியாகப் பார்த்தேன். மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒரு பாய் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து. நான் ஒன்பது பேருக்கு வாசிக்க வரவில்லை என்று எழுதியிருந்தேனே, அது சரியில்லை. எழுத்தே தெரியாதவர்கள் இரண்டே பேர். நாலு பேர் எழுத்து தெரிந்து சொல் வராதவர்கள். மூன்று பேர் சொல் வாசிக்கிறார்கள், பத்தி வரவில்லை. ஒன்பது பேரையும் ஒரே கூட்டமாக வைத்து அ, ஆ நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். நன்றாகப் படிக்கிறாள் என்று நான் நினைத்திருந்த நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த ஐந்து பேரில் இருந்தாள். அவளும் மனப்பாடம்தான், பத்தியில் நின்றுவிட்டாள். அதை அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டேன் அக்கா.

அந்தப் பையன் வீட்டுக்கு நானே போனேன். அவன் அம்மா வயலிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். 23 விழுக்காடு கணக்கைச் சொன்னேன், அதை அவர் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவன் அப்பாவும் நாலாவதோட நின்னுட்டார், இவனும் அப்படி ஆயிடுவானோன்னு இருக்கு" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். மறுநாள் அனுப்பினார்.

அவனுக்கு நீங்கள் சொன்ன அதே கொம்புப் பிரச்சினைதான். தரையில் கட்டம் போடும் வேலை அவனுடையது. ஆறு நாளாக கெ, கே, கொ, கோ குதிக்கிறான். நேற்று 'தோட்டம்' வாசித்தான், 'சோளம்' வாசித்தான். 'கொடுத்தான்' வந்ததும் திணறி, நிறுத்தி, முதல் எழுத்தை மறுபடி பார்த்துத் தானே திருத்திக்கொண்டான். தலைமையாசிரியரையும் பார்த்தேன் சார். பதிவேட்டை எடுத்துக் காட்டினார், என் தாளையும் வாங்கி ஒத்துப் பார்த்தார். மூன்று பிள்ளைகளுக்கு இரண்டிலும் வேறு வேறு நிலை. சனிக்கிழமை சேர்ந்து உட்காரலாம் என்றார்.

சின்னப் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டை வந்துவிட்டது. நாலு வயசுக் குட்டி ஒருத்தி கதையில் நரியை நான் நாய் என்று சொல்லிவிட்டதற்குத் திருத்தினாள்!

ஒரு கேள்வி பாக்கி. சொல் வாசிக்கும் மூன்று பேருக்கும் பத்தி ஏன் வரமாட்டேன் என்கிறது? ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று வாசிக்கிறார்கள். கடைசிக்கு வரும்போது முதல் சொல் மறந்துவிடுகிறது.

தாராவிப் பால்வாடி

படித்ததும் மனசு நிறைந்துவிட்டது தங்கச்சி. அந்த அம்மாவோடு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாயே, அதை நான் சொல்லித்தரவில்லை.

கேள்விக்கு வருகிறேன். நின்று நின்று வாசிக்கும் பிள்ளைக்குப் புதுப் பத்தி கொடுத்துக்கொண்டே போகாதே. ஒரே பத்தியை மூன்று நாள் வைத்துக்கொள். முதல் நாள் நீ வாசி, பேசுகிற மாதிரி, ஏற்ற இறக்கத்தோடு. விரல் சொல்லின் அடியில் வழுக்கிக்கொண்டே போகவேண்டும், குத்திக் குத்தி வைக்கக்கூடாது. விரல் குத்தினால் வாயும் குத்தும். இரண்டாம் நாள் இரண்டு இரண்டு பேராக, ஒருத்தர் ஒரு வரி. மூன்றாம் நாள் தனியாக வாசித்துவிட்டு, என்ன படித்தாய் என்று வீட்டுப் பேச்சில் சொல்லச் சொல். 'அவன் சந்தைக்குச் சென்றான்' என்று இருந்தால் 'அவன் சந்தைக்குப் போனான்' என்று பிள்ளை சொன்னால் சரி என்று எடுத்துக்கொள், திருத்தாதே. எழுத்துத் தமிழும் வீட்டுத் தமிழும் வேறு என்பதால்தான் பாதிப் பிள்ளைகள் வரி நடுவில் நிற்கிறார்கள். அடுத்த சொல் என்ன வரும் என்று அவர்களால் ஊகிக்க முடிவதில்லை. காதில் அந்த நடை நிறைய விழவேண்டும். அதற்குத்தான் தினமும் கதை.

நீண்ட சொற்களை உடைத்துக் காட்டு. 'வந்துகொண்டிருந்தான்' என்பதை ஒரே மூச்சில் வாசிக்கப் பெரியவர்களுக்கே கண் பழகவேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தால் பின்பகுதியை மூடி, 'வந்து' மட்டும். பிறகு 'கொண்டி'. பிறகு மூடியதை எடு.

பதிவேட்டில் வேறு நிலை வந்த மூன்று பேரையும் சனிக்கிழமை தலைமையாசிரியரும் நீயும் சேர்ந்து, அவர் பக்கத்திலேயே பிள்ளையை உட்காரவைத்துக் கேளுங்கள். யார் தாள் சரி என்ற பேச்சே வரவேண்டாம். தரைக் கட்டம் மழையில் அழியும், இப்போதே ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனரின் பின்பக்கத்தில் பெயின்ட்டால் எழுதிவிடு. கட்டத்தை அந்தப் பையனையே போடச் சொல்.